சாதாவா, பிரீமியமா?

அந்தப் பெட்ரோல் பங்கில் அவளை எல்லாரும் ஜீரோக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக நாசிலைக் கையில் எடுக்கும்போதெல்லாம் "ஜீரோ பாத்துக்குங்க" என்று சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பெயர். அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. முறைத்துக்கொண்டேதான் ஊற்றுவாள், ஆனால் ஒரு சொட்டு குறையாது.

புது மேனேஜர் வந்த வாரமே அவருக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. விலை கூடுதலான பிரீமியம் பெட்ரோல் சரியாகப் போகவில்லை என்று மேலிடத்தில் அவரைக் காய்ச்சியிருந்தார்கள். அவர் வந்து பம்பில் நிற்பவர்களைக் காய்ச்சினார்.

"இனிமே சாதாவா பிரீமியமான்னு கேக்கக் கூடாது. 'பிரீமியம் போட்டுடலாமா சார்'னு மட்டும் கேளுங்க. பாதிப் பேர் தலையாட்டிடுவாங்க."

"சாதா போதுங்கிற வண்டிக்குப் பிரீமியம் போட்டா என்ன சார் ஆகும்?" என்றாள் ஜீரோக்கா.

"ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாததுக்கு எதுக்கு சார் போடணும்?"

மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேனேஜரின் காது சிவந்துவிட்டது. மறுநாளிலிருந்து வெயில் நேராக அடிக்கும் கடைசிப் பம்புதான் அவளுக்கு. அவளும் விடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் டேங்க் மூடியின் உட்பக்கத்தைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்கோ அதைப் போடுங்க, போதும்" என்று மேனேஜர் அறைவரை கேட்கிற மாதிரி சொன்னாள்.

ஒருநாள் மத்தியானம் பெரிய கறுப்புக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கண்ணாடியை நாலு விரல் அளவுக்கு இறக்கினார்.

"சாதா. ஃபுல் பண்ணு."

மூடியைத் திறந்தாள். பிரீமியம் மட்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

"இந்த வண்டிக்குப் பிரீமியம்தான் சார் போடணும். மூடியிலேயே எழுதியிருக்கு. மேடு ஏறும்போது இன்ஜின் டக்டக்னு தட்டலையா?"

"தட்டுதுங்க, நேத்துகூட..." என்று ஆரம்பித்தாள் பக்கத்திலிருந்த மனைவி.

"நீ சும்மா இரு!" என்று அவள்மேல் எரிந்து விழுந்துவிட்டு, கதவைத் திறந்து இறங்கினார். "உனக்கு என்ன கமிஷனா? பெட்ரோல் ஊத்துறவளுக்கு இன்ஜினைப் பத்தி என்ன தெரியும்?"

"படிக்கத் தெரியும் சார்."

அவ்வளவுதான். அந்த மனிதர் போட்ட கூச்சலில் வரிசையில் நின்ற வண்டிகளிலிருந்தெல்லாம் தலைகள் எட்டிப்பார்த்தன. மேனேஜர் விழுந்தடித்து ஓடிவந்தார்.

"சாரி சார். இவ எப்பவும் இப்படித்தான். பிரீமியத்தை யார் தலையிலயாவது கட்டப் பாப்பா. எத்தனையோ தடவை கண்டிச்சுட்டேன்."

ஜீரோக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அவருடைய கண்கள் அவள் பக்கமே திரும்பவில்லை.

"மன்னிப்புக் கேளு" என்றார்.

கேட்கவில்லை. சாதா நாசிலை எடுத்து, டேங்கை நிரப்பி, மூடியை அடித்துச் சாத்தினாள்.

"கேட்டதை ஊத்தியாச்சு. நாளைக்கு இன்ஜின் போச்சுன்னு இங்க வந்து கத்தாதீங்க."

சாயங்காலமே அவளை டயருக்குக் காற்றடிக்கும் மூலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"ஒரு சாரி சொன்னா வாய் வெந்தா போயிடும்?" என்றான் வீட்டில் புருஷன்.

"உன் வாய் சும்மாதானே கிடக்கு. நீ போய்ச் சொல்லேன்."

நாலு நாள் பேச்சு வார்த்தை இல்லை.

இரண்டு மாதம் போயிற்று. பம்பில் நின்ற இரண்டு பேர் வேலையை விட்டுப் போனபிறகு மேனேஜர் அவளைத் தேடி வந்தார்.

"கோவத்தை விடும்மா. பம்புக்கே வந்துடு."

"வரேன். அன்னைக்கு என்னைப் பத்திச் சொன்னது பொய்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

மேனேஜர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "அதையெல்லாம் இன்னுமா புடிச்சுத் தொங்கிட்டு இருக்கே? இந்த மூலையில காத்தடிச்சே காலத்தை ஓட்டப் போறியா?"

"இங்க சாதா, பிரீமியம்னு ரெண்டு இல்ல சார். ஒரே காத்துதான்."

அடுத்த வண்டி வந்துவிட்டது. மேனேஜர் இன்னும் அங்கேயே நின்றிருந்தார். அவள் குனிந்து டயர் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழாயை இழுத்தாள், வரவில்லை.

"காலை எடுங்க" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "குழாய்மேல நிக்கிறீங்க."