புடவை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு விழுப்புரம் போன கதை

காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்பும் பயணங்களைத்தான் இந்தப் பக்கத்தில் எழுதி வருகிறேன். கோயில், கோட்டை, கடற்கரை எல்லாம் எழுதியாயிற்று. இந்த முறை ஆஸ்பத்திரி. முகத்தைச் சுளிக்காமல் படியுங்கள். கல்யாணம் நிச்சயமான பெண்களும், கல்யாணமாகி வருஷக்கணக்கானவர்களும் ஒரு நாள் ஒதுக்கிப் போய்வர வேண்டிய இடம் இது.

போனது ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, என் தோழி கோமதிக்காக. திண்டிவனத்தில் அவளுக்குத் தையல் கடை, எனக்குப் பக்கத்திலேயே ஜெராக்ஸ் கடை. இருவருக்கும் வயது நாற்பது. ஆவணியில் மயிலத்தில் அவளுக்கு இரண்டாவது கல்யாணம். மாப்பிள்ளை விழுப்புரத்தை அடுத்த வளவனூர் தனபால். மனைவியை இழந்தவர், சொந்த நிலத்தில் கரும்பும் நெல்லும் போடுகிறவர். அவரிடமிருந்து போன் வந்தால் கோமதியின் தையல் கோணலாகப் போகும். அவ்வளவு பிடித்துவிட்டது.

அவளுடைய முதல் கணவர் அவளுக்குத் தந்தது ஒரு பால்வினை நோய். வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மருந்துக் கடையில் களிம்பு வாங்கியே இரண்டு வருஷத்தை ஓட்டினாள். கடைசியில் டாக்டரிடம் போய்க் குணமானது. ஆனால் அந்த மனிதர் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்றதால் மறுபடி வந்தது. அப்புறம்தான் அவள் பெட்டியைக் கட்டினாள். இனி யாரோடு வாழ்ந்தாலும் இரண்டு பேரும் சோதித்துக்கொண்ட பிறகுதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பட்ட கதையைத் தனபாலிடம் முன்பே சொல்லியிருந்தாள், இந்த முடிவைச் சொல்வதுதான் கஷ்டம். ‘என்னைச் சந்தேகப்படுறியா’ என்று அவர் எழுந்து போய்விட்டால்? முதலில் தான் மட்டும் போவது என்று கிளம்பினாள்.

திண்டிவனத்திலும் அரசு மருத்துவமனை இருக்கிறது, கடையிலிருந்து பத்து நிமிட நடை. அங்கே போகலாம் என்றேன்.

“நல்லா சொன்ன போ. அங்க சீட்டு எழுதுற பொண்ணுல இருந்து ஊசி போடுறவங்க வரைக்கும் அத்தினி பேருக்கும் நான்தாண்டி ஜாக்கெட்டு தச்சிக்கினு இருக்கேன்” என்றாள்.

எனவே விழுப்புரம். ஆடித் தள்ளுபடியில் புடவை எடுக்கப் போவதாகத் தனபாலிடம் சொல்லி வைத்தாள்.

காலை 7.10க்குப் பேருந்து. 38 கிலோமீட்டர், ஆளுக்கு 35 ரூபாய், 8.05க்கு இறங்கிவிட்டோம். போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்கம் காலை வெயில் கொளுத்தும். பேருந்து நிலையத்துக்கு எதிரே இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கும் சேர்த்து 90 ரூபாய். சாம்பாரை நம்பிப் போகலாம். அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கு ஷேர் ஆட்டோவில் தலைக்கு 20 ரூபாய்.

சீட்டு எழுதும் இடத்தில் நோயின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. ‘சுகவாழ்வு மையம்’ எங்கே என்று கேட்டால் போதும், வழி காட்டுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண்தான். ஆனாலும் கோமதி முகக்கவசம், அதற்கு மேல் துப்பட்டா என்று கொள்ளைக்காரி போல உட்கார்ந்திருந்தாள். எதிர் பெஞ்சில் இன்னொரு அம்மாவும் அதே கோலத்தில் இருந்தார். கோமதி அவரையே உற்றுப் பார்த்துவிட்டு என் தொடையைக் கிள்ளினாள்.

“அந்த ஜாக்கெட்டு கைய பாரு. பஃப் வச்சி, மூணு முத்து கோத்து. நான் தச்சதுடி.”

அந்த அம்மாவும் இவளைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு பேர் முகத்திலும் கண் மட்டும்தான் தெரிந்தது, நான்கு கண்ணும் சிரித்தன.

உள்ளே ஆலோசகர் அம்மாவிடம் கோமதி இதைச் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு வெளியே எனக்குக் கேட்டது. “திண்டிவனத்துக்காரங்க ஒளிஞ்சிக்கினு இங்க வர்றீங்க. இந்த ஊர்க்காரங்க ஒளிஞ்சிக்கினு திண்டிவனம் போறாங்க. நடுவுல பஸ்காரங்களுக்குத்தான் நல்ல கலெக்‌ஷன்.”

ஆலோசகர் சொன்னவற்றைக் கோமதியின் அனுமதியோடு எழுதுகிறேன். அரிப்பு, எரிச்சல், வெள்ளைப்படுதல் எதுவும் இல்லாமலேயே நோய் உள்ளே இருக்கலாம், அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே சோதித்துக்கொள்ள வேண்டும். ஆணுறை போடச் சொல்வது மனைவியின் உரிமை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நோய் இருந்தால் இருவரும் ஒரே நேரத்தில் மருந்து எடுக்க வேண்டும், ஒருவர் மட்டும் எடுத்தால் திரும்ப வரும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் கையோடு முடித்துவிடலாம். பெண் டாக்டர்தான் பார்த்தார். எல்லாமே இலவசம். கடைசியாக ஆலோசகர், “அவரையும் அனுப்பி வைங்கம்மா” என்றாராம். அதைச் சொல்லும்போதே கோமதியின் முகம் விழுந்தது.

பத்து மணிக்கு ரத்தம் கொடுத்தாள், பன்னிரண்டரைக்கு முடிவுச் சீட்டு கைக்கு வந்தது. எல்லாம் நல்லபடி. வெளியே வேப்பமர நிழலில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள். “இப்பவே அவருக்குப் போன் போடு, வீட்டுக்குப் போனா தைரியம் போயிடும்” என்று நான் விடாமல் நச்சரித்தேன். போட்டாள். தனபாலுக்குச் சத்தமாகப் பேசித்தான் பழக்கம், எனக்கும் கேட்டது.

“எங்கங்க இருக்கீங்க?”

“திண்டிவனத்துல. டிராக்டருக்கு ஒரு சாமான் வாங்கலாம்னு வந்தேன். புடவை எடுத்தாச்சா?”

“புடவை எடுக்கலைங்க. பொய் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு வந்தேன், பால்வினை நோய் டெஸ்ட்டுக்கு. எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க. நீங்களும் ஒரு தடவ எடுத்துக்கினா நல்லாருக்கும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, கல்யாணத்த நிறுத்திக்கலாம்.”

கோமதி என் கையை நெரித்தாள். அப்போது போனுக்குள் யாரோ ஒரு பெண் “முப்பத்தாறு யாருங்க, உள்ள வாங்க” என்பது கேட்டது.

“நானும் பொய்தாங்க சொன்னேன்” என்றார் தனபால். “டிராக்டரு நல்லாத்தான் ஓடிக்கினு இருக்குது. உங்க ஊரு ஆஸ்பத்திரிலதான் உக்காந்துகினு இருக்கேன். விழுப்புரம்னா எங்க ஊர்க்காரன் எவனாவது பாத்துடுவான், பேஜாரு. நீங்க இன்னிக்கு இந்த ஊர்ல இருக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சிதான் வந்தேன்.”

“யாருங்க போகச் சொன்னது?”

“யாரும் சொல்லல. நீங்க பட்டதெல்லாம் சொன்னீங்களே. அதுக்கப்புறம் நீங்க வாயத் தொறந்து கேக்கற வரைக்கும் நான் சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்? நம்பர் கூப்பிடுறாங்க, வெச்சிடுறேன்.”

எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

முடிவு கைக்கு வந்ததும் தனபால் மறுபடி கூப்பிட்டு வரச் சொன்னார், மாலை 3.45க்குக் கூட்டேரிப்பட்டில் இறங்கினோம். இரண்டு ஊருக்கும் இடையில் இருக்கும் கூட்டுரோடு. தனபால் பைக்கில் வந்து எங்களுக்கு முன்பே டீக்கடையில் காத்திருந்தார். மூன்று டீ, ஒரு தட்டு பஜ்ஜி, 70 ரூபாய். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த சீட்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுத்துப் படித்துவிட்டு, தன் சீட்டை அதே தட்டில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள். அவருக்கும் எல்லாம் நல்லபடி. பெரியவர்கள் கூடி வெற்றிலை பாக்கோடு தட்டு மாற்றியது போன மாதம். எனக்கென்னவோ இதுதான் நிச்சயதார்த்தம் என்று பட்டது. பஜ்ஜியை நான்தான் தின்று தீர்த்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: எட்டரைக்குள் போய்விட்டால் மதியத்துக்குள் வேலை முடியும். ஆதார் அட்டையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாகக் களிம்பு வாங்கித் தடவாதீர்கள். கணவரிடம் கேட்கப் பயமாக இருந்தால் முதலில் நீங்கள் போய்வாருங்கள், தைரியம் தானாக வரும்.

இன்னொன்று. ஒளிந்துகொள்ள முப்பத்தெட்டு கிலோமீட்டர் போகவே வேண்டாம், உங்கள் ஊர் மருத்துவமனையே போதும். உறுதிப்படுத்திக்கொள்ள மூன்று மாதம் கழித்து மறுபடி ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்போது கணவனும் மனைவியுமாகத் திண்டிவனத்திலேயே போகப் போகிறார்களாம், துப்பட்டா இல்லாமல். அங்கே சீட்டு எழுதும் பெண்ணின் ஜாக்கெட்டையும் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்கிறாள் கோமதி.