ஆயிரத்து இருநூற்று இருபத்தெட்டாவது வகுத்தல்

குற்றச்சாட்டு: 2011 மார்ச் 9 அன்று, கணித நிறுவனம் தன் பகா எண் அட்டவணைக்கு வெளியிட்ட பிழைதிருத்தத்தில், "9,94,00,891 பகா எண் அன்று" என்று அச்சிட்டது. அதைக் கண்டறிந்தவரின் பெயரை அச்சிடவில்லை.

கண்டறிந்தவர் அரசு மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குபவர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். பழைய புத்தகக் கடையில் அந்த அட்டவணையை வாங்கிய ரசீது இன்றும் அவரிடம் இருக்கிறது. ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாததே பகா எண். கடைசிப் பக்கத்திலிருந்த அந்த ஒன்பது கோடிச் சொச்சத்தைச் சோதிக்க 2008 ஜூனில் உட்கார்ந்தார். அதன் வர்க்கமூலம் 9970-க்கு மயிரிழை குறைவு. அதற்குட்பட்ட பகா எண்களால் சோதித்தாலே போதும்; அவை 1228. ஒவ்வொன்றாலும் வகுத்தாக வேண்டும்.

மாடிக்கும் மாடிக்கும் இடையே, முக்காலியில் அமர்ந்து வகுப்பார். வீட்டில் மனைவி ஈவைப் பெருக்கி, மீதியைக் கூட்டிச் சரிபார்ப்பார்.

"என்ன லிஃப்ட்டு, இன்னிக்கு எவ்வளவு மீதி?" என்பார் வார்டு ஆயா.

"மீதியே இல்லாம ஒரு நாள் வரும் ஆயாம்மா."

"யார் ஆயுசுல? உங்க ஆயுசுலயா, எங்க ஆயுசுலயா?"

1227 முடிந்தும் மீதி வந்தது. அவருக்கு வெறுத்துவிட்டது. "புஸ்தகம் போட்டவங்க தப்பாவா போட்டிருப்பாங்க? விட்டுடறேன்" என்றார்.

"ஏங்க, ரெண்டு வருஷமா என் உயிரை வாங்கிட்டு, ஒண்ணே ஒண்ணுக்கா மலைக்கிறீங்க? போடுங்க, பெருக்க நான் இருக்கேன்" என்றார் மனைவி.

9967-ஆல் வகுத்தார். ஈவு 9973. மீதி இல்லை. மனைவி மூன்று முறை பெருக்கிப் பார்த்தார். 2010 ஆகஸ்ட் 14-இல் நிறுவனத்துக்குப் பதிவுத் தபால் போயிற்று. ஒப்புகை அட்டையும் வந்து சேர்ந்தது. டிசம்பரில் மனைவி மாரடைப்பில் இறந்தார்.

பிழைதிருத்தத்தைக் கண்டதும் அவர் நிறுவனத்துக்கு நேரில் சென்றார். பதிப்பாசிரியர் ஒரு தாளை இழுத்தார்.

"ஐயா, உங்க எண்ணோட ஒன்பதைக் கூட்டுங்க. 9970-ஓட வர்க்கம் வருதா? ஒன்பது, மூணோட வர்க்கம். அப்போ 9970-ல மூணு குறைச்சா ஒரு காரணி, மூணு கூட்டினா இன்னொண்ணு. ரெண்டு வரி. இதுக்கா ரெண்டு வருஷம்?"

பக்கத்து மேசைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அந்த ரெண்டு வரி என் லெட்டர் வர்றதுக்கு முன்னாடி ஏன் சார் உங்களுக்குத் தோணல?"

"பேரெல்லாம் போடற வழக்கம் இல்லைங்க."

திரும்பும் பேருந்தில், டிக்கெட்டின் பின்புறம் 9970-ஐ அதனாலேயே பெருக்கினார். 9,94,00,900. பதிப்பாசிரியர் சொன்னது சரிதான். இதை மனைவியிடம் சொல்ல வேண்டிய நிலை வரவில்லையே என்று ஒரு கணம் ஆறுதல் பட்டார். அப்படி ஆறுதல் பட்டதற்காக வீடு சேரும் வரை தன்னையே நொந்துகொண்டார்.

குறுக்குவழி இருந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. அதில் யாரும் முன்னதாக நடக்கவில்லை என்பதே வாதம். ஆகவே நிறுவனம் பதிலளிக்க வேண்டும்: வகுத்தவர் பெயரும் பெருக்கிச் சரிபார்த்தவர் பெயரும் அடுத்த பிழைதிருத்தத்தில் இடம்பெறுமா? இல்லையெனில் எந்த விதியின்படி? வாய்வார்த்தை ஏற்கப்படாது. முப்பது நாட்களுக்குள், தேதியும் கையொப்பமும் இட்டு, எழுத்து மூலம் பதில் தேவை.