பனியன் கம்பெனி நடத்திய தாக்குதல்

உலகத் தமிழர்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: அருள்புரத்தில் உள்ள என் மாமாவின் பனியன் கம்பெனி இன்று காலை ஜெர்மனியைத் தாக்கியது.

ஆர்டர் விவரங்கள் வைக்க இணையத்தில் வாடகைக்கு எடுத்த சர்வரைப் பற்றி எச்சரிக்கை மெயில் வந்திருந்தது. மாமாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான்தான் கெத்தாக விளக்கினேன்.

"எவனோ பாஸ்வேர்டை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துக் கண்டுபுடிச்சு நம்ம சர்வருக்குள்ள பூந்துட்டானுங்க மாமா. அங்கிருந்து ஜெர்மன்காரன் கம்ப்யூட்டரை அடிக்கறானுங்க."

மாமா காதில் விழுந்தது 'பாஸ்வேர்டு' மட்டும்தான். கம்ப்யூட்டர் பார்க்கும் முருகேசண்ணனைச் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார்.

"எவனுக்குடா வித்தே?"

"சத்தியமா யார்ட்டயும் சொல்லலண்ணே" என்று அந்த மதுரைக்காரர் முடிப்பதற்குள் மூன்று அறை. உதடு கிழிந்து, சாம்பிள் டி-சர்ட்டெல்லாம் ரத்தம்.

"இனி இந்தப் பக்கம் வந்தீன்னா காலை ஒடைச்சுப் போடுவேன்" என்று வெளியே தள்ளிவிட்டு, மாமா என் முதுகைத் தட்டினார். "நீ இல்லீன்னா இந்தக் களவாணி மாட்டியிருப்பானா கண்ணு?"

விஷயம் என்னவென்றால், அந்தப் பாஸ்வேர்டை வைத்தவன் நான். டைப் அடிக்கச் சுலபமாக இருக்கட்டுமென்று, 'banian' என்று ஆங்கிலத்தில் ஆறே எழுத்து.

மாமா சாப்பிட்டு முடித்ததும் சொல்லப்போகிறேன். ஹெல்மெட் இரவல் தருபவர்கள் பின்னூட்டமிடவும்.