பதினேழாம் நோன்பின் கஞ்சி

மூடிக் கிடக்கும் ஷட்டருக்குப் பின்னால் முணுமுணுப்பவனின் குரலையும் கேட்கிற அல்லாஹ்வுக்கே புகழ் அனைத்தும். அன்புச் சகோதர சகோதரிகளே, என் பெயர் ஜாபர். பூந்தமல்லியில் இருக்கிறேன். போன ரமலானில் எனக்கு நடந்ததை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று என் மனைவி ரஹ்மத் நச்சரித்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கு மேடையில் பேச வராது. எழுதவும் வராது. கோபம் மட்டும் நன்றாக வரும். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த ரமலான் பிறக்கும்போது நான் முடிந்துபோன மனிதன். ஏழு தையல் மெஷின் வைத்திருந்தவனிடம் இரண்டுதான் மிச்சம். அந்த இரண்டையும் விற்றுவிட்டு, பெருநாள் முடிந்ததும் ஊரைவிட்டே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தேன். எங்கே என்று கேட்டால் தெரியாது. என்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில், ஏதாவது ஒரு அபார்ட்மெண்ட் வாசலில் வாட்ச்மேனாக உட்கார்ந்துவிட்டால் போதும் என்று இருந்தது. காலையில் கண் விழிக்காமலே போனால் இன்னும் நல்லது என்றுகூட நினைத்தேன். அப்படி நினைப்பதே பாவம் என்று தெரியும். தெரிந்தும் நினைத்தேன்.

எங்கள் தொழில் ஷூ தைப்பது. முழு ஷூ இல்லை, மேல்பாகம் மட்டும். அதை நாங்கள் அப்பர் என்போம். ஏற்றுமதிக் கம்பெனிக்காரர்கள் தோலை வெட்டி மூட்டை கட்டி அனுப்புவார்கள். நாங்கள் தைத்துத் திருப்பிக் கொடுப்போம். அவர்கள் அடிப்பாகம் ஒட்டிக் கப்பலில் ஏற்றுவார்கள். எந்த நாட்டில் யார் காலுக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? அந்தக் கால்காரர்கள் வாங்குவதை நிறுத்தினால் நம் வீட்டில் உலை நிற்கும் என்பது மட்டும் பிறகு தெரிந்தது.

ஏழு மெஷினுக்கு ஏழு பெண்கள். திருவேற்காட்டிலிருந்து இரண்டு பேர் ஷேர் வேனில் வருவார்கள். மற்றவர்கள் பக்கத்துத் தெருக்கள். எல்லாருக்கும் மூத்தவள் செல்வி. அவள் மாமனார் வீட்டார் ஒரு காலத்தில் நெல் விதைத்த நிலத்தில் இப்போது மாடி வீடுகள் நிற்கின்றன. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அவள் தைத்த அப்பரில் ஒரு ஊசி தவறியதாகக் கம்பெனியிலிருந்து ஒரு புகாரும் வந்ததில்லை.

அந்த ரமலானுக்கு முந்தைய ஆவணியில் வெளிநாட்டு ஆர்டர் நின்றது. கம்பெனி சூப்பர்வைசர் போனில், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார். பெண்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால் திரும்பக் கிடைக்க மாட்டார்களே என்ற பயத்தில், கையிலிருந்த மூட்டையைப் பிரித்துத் தைக்கச் சொன்னேன். தைத்து முடித்த பிறகுதான் பார்த்தோம், அத்தனையும் இடது கால். வலது காலுக்கான மூட்டை வருவதற்குள் கம்பெனியிலேயே கட்டிங் நிறுத்திவிட்டார்கள். இடது கால் அப்பர்களைக் கேட்டும் யாரும் வரவில்லை. ஒரு காலில் நடக்கிற ஊர் எங்காவது இருந்தால் சொல்லுங்கள் பாய், விற்றுவிட்டு வருகிறேன் என்று செல்வி கிண்டல் செய்தாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் அந்தப் பெண்கள் மெஷின்களைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். நான் பொரியும் இனிப்பும் வாங்கித் தருவேன். அவர்கள் நம்பிக்கை அவர்களுக்கு, நான் ஒரு நாளும் குறுக்கே நின்றதில்லை. அந்த வருடம் ஓடாத மெஷினுக்குப் பொட்டு வைத்தார்கள். மறுநாளிலிருந்து வேலை இல்லை என்று அன்றைக்குத்தான் சொன்னேன். யாரும் சண்டை போடவில்லை. பொரியை முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என் கதை மட்டும் என்றால் இதைச் சொல்லவே மாட்டேன். எங்கள் வரிசையில் செல்போன் கடை மூடியது. மூட்டை ஏற்றும் டெம்போக்காரர் வண்டியை ஃபைனான்ஸில் விட்டுவிட்டுச் சாப்பாடு டெலிவரி செய்யப் போனார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டைக் குறைத்ததால் அங்கே மெஸ் வைத்திருந்த என் மச்சான், அண்டாக்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். எங்கே பார்த்தாலும் டு லெட் போர்டு. டீக்கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தோம்.

ஐந்து மெஷின்களை ஒவ்வொன்றாக விற்றேன். பழைய மெஷின் வாங்குகிற மணி என்பவர் ஃபஜ்ர் தொழுகை முடிந்த கையோடு, தெரு எழுந்திருக்கும் முன்பே வண்டியோடு வந்துவிடுவார். நான்தான் அப்படி வரச் சொல்லியிருந்தேன். இடம் காலியாகக் கிடக்கிறதே என்று யாராவது கேட்டால், சர்வீசுக்குப் போயிருக்கிறது என்பேன். எனக்கு வயிற்றுப் பசியைவிட ஊர் வாய்தான் பெரிய பயம்.

இப்போது கஞ்சிக்கு வருகிறேன். எங்கள் பள்ளிவாசலில் ரமலான் மாதம் முழுக்க நோன்புக் கஞ்சி காய்ச்சுவார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் பொறுப்பு. மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு தெருவே தூக்குவாளியோடு வந்து நிற்கும். நோன்பு வைத்தவர்கள், வைக்காதவர்கள், மாற்று மதத்துச் சகோதரர்கள், எல்லாரும் வருவார்கள். பதினேழாம் நோன்பு எங்கள் குடும்பத்துடையது. என்னைப் பெற்ற அத்தா ஆரம்பித்தது, அவர் மவுத்தாகி அடக்கம் செய்த பிறகு நான் தொடர்ந்தேன். அன்றைக்கு மைக்கில் எங்கள் பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயரைக் கேட்க எனக்குப் பிடிக்கும், பொய் சொல்லவில்லை.

ரமலானுக்கு முன்னால் பள்ளிவாசல் ஜமாஅத்தின் செயலாளர் காதர் பாய் என்னைப் பார்த்து, பதினேழு உன்னுடையதுதானே என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்னவனை நான் பார்த்ததில்லை. வீட்டில் அரிசி அளந்து போட்டுச் சமைக்கிற நிலையில், நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

மிச்சமிருக்கும் மெஷினை விற்றுக் கஞ்சி ஊற்றப்போகிறேன் என்று ரஹ்மத்திடம் சொன்னபோது அவள் கத்தவில்லை. "பேர் முக்கியமா, மெஷின் முக்கியமாங்க?" என்று மட்டும் கேட்டாள். உனக்கு என்ன தெரியும் என்று எரிந்து விழுந்தேன். என் கணக்கு எனக்குச் சரியாக இருந்தது. இடத்தின் ஓனர் பெருநாளுக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். வேலை வரப்போவதில்லை. இரண்டு மெஷினையும் கொடுத்துவிட்டால் அத்தா பெயரில் கஞ்சி ஊற்றிவிட்டு, தலை நிமிர்ந்தபடியே ஊரைவிட்டுப் போய்விடலாம்.

நான் அல்லாஹ்விடம் துஆ கேட்டேன். நெற்றி தரையில் படும் ஒவ்வொரு ஸஜ்தாவிலும் ஒன்றையே கேட்டேன். யா அல்லாஹ், என் மானத்தைக் காப்பாற்று, என் நிலைமை யார் கண்ணுக்கும் தெரியாமல் இதை முடித்துக் கொடு. அழுதே கேட்டேன். வேலையைக் கொடு என்று கேட்கவில்லை. அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது.

பதினாறாம் நோன்பு. ஃபஜ்ருக்குப் பிறகு மணி வருவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. போன் போட்டால், ஆவடியில் ஒரு லோடு ஏற்றும்போது டயர் பஞ்சர், இதோ வருகிறேன் என்றார். நடுப்பகல் லுஹர் தொழுகை போனது. அஸரும் முடிந்தது. இனி நாளைக்குத்தான் என்று ஷட்டரை இறக்கப் போகும் நேரத்தில் வண்டி வந்து நின்றது. பள்ளிவாசலிலிருந்து ஐம்பதடி தூரத்தில் என் கடை. கஞ்சிக்கு வரிசை நிற்கிற நேரம். ஊரே தூக்குவாளியோடு தெருவில் இருக்கிறது.

மணியைத் திருப்பி அனுப்பியிருக்கலாம். ஆனால் மறுநாள் காலையில் அரிசி வாங்கியாக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, சீக்கிரம் தூக்குங்கள் என்றேன். முதல் மெஷினை இரண்டு ஆட்கள் வாசல்வரை கொண்டுவந்துவிட்டார்கள். அப்போதுதான் வரிசையிலிருந்து செல்வி வந்தாள். கையில் தூக்குவாளி. அதைக் கீழே வைத்தாள். உள்ளே போய் மிச்சமிருந்த மெஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சர்வீசுக்குப் போயிருக்குனு சொன்னீங்களே பாய். ஊர்ல கீற மெக்கானிக்குங்க எல்லாம் நம்ம மெஷினத்தான் பாத்துனு கீறானுங்களா?"

எழுந்திரு செல்வி என்றேன். அவள் அசையவில்லை.

"நாலு மாசமா ஊடு ஊடா பாத்திரம் தேய்க்கிறேன். பாய் கட தொறந்துடும், பாய் கட தொறந்துடும்னு சொல்லிக்கினுதான் தேய்க்கிறேன். இத்தயும் தூக்கினு பூட்டா நான் இன்னான்னு சொல்லிக்கினு தேய்க்கிறது?"

வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது. அல்லாஹ் மேல் எனக்குக் கோபம் வந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துவிட்டேன், ஆனாலும் வந்ததை மறைக்கக் கூடாது. எதை மறைக்கச் சொல்லி இத்தனை நாள் அழுதேனோ, அதைத் தெருவில் போட்டு உடைத்துவிட்டாயே என்று உள்ளுக்குள் கேட்டேன்.

மணி வண்டியிலிருந்து இறங்கி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்தம்மா சொல்றதும் கரீட்டுதான் பாய். எனக்கே இத்த வாங்கி இன்னா பண்றதுன்னு தெர்ல. அம்பத்தூர்ல லேத்து, ஆவடில பிரஸ்ஸு, எல்லாரும் விக்கத்தான் கூப்டறாங்க. வாங்கறேன்னு ஒரு போன் வர்ல. குடோன்ல நிக்க எடமில்ல." வாசலில் இருந்த மெஷினை அவருடைய ஆட்களே மறுபடி உள்ளே வைத்தார்கள். சும்மா அனுப்பக் கூடாது என்று யாரோ அவர்களுக்கும் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தார்கள்.

காதர் பாய் வந்து என் பக்கத்தில் நின்றார். மெஷினை எதற்காக விற்கிறாய் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் சொன்னேன். அவர் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"கஞ்சி நோன்பாளிக்கு, ஜாபர். உன் பேருக்கு இல்ல."

அன்றைக்கு அது சவுக்கடியாக விழுந்தது. கடைக்குள் போய் இடது கால் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். செல்வி ஸ்டூலைவிட்டு எழுந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போனாள்.

பதினேழாம் நாள் கஞ்சிச் செலவை ஜமாஅத்தார் பொதுப் பணத்தில் சேர்த்துவிட்டார்கள். மறுநாள் காலையில் செல்வியும், பழைய பெண்களில் இன்னும் மூன்று பேரும் பள்ளிவாசல் பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்து பூண்டு உரித்தார்கள், வெங்காயம் நறுக்கினார்கள், புதினா ஆய்ந்தார்கள். கூப்பிடாமலே வந்தார்கள். நான் அண்டாவில் துடுப்புப் போட்டுக் கிண்டினேன். மைக்கில் யார் பெயர் சொல்லட்டும் என்று காதர் பாய் கேட்டார். பெயர் வேண்டாம் என்றேன்.

அஸருக்குப் பிறகு வீட்டிலிருந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் செல்போன் கடைக்காரர். பின்னால் டெம்போக்காரர். இவர்களெல்லாம் இத்தனை நாளும் இங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். நான்தான் பார்க்கவில்லை. அத்தா காலத்திலிருந்து நாங்கள் ஊற்றிய கஞ்சியை முதல் தடவையாகக் கை நீட்டி வாங்கினேன். வாளி நிறைந்தது, அவ்வளவுதான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

இதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். ஆர்டர் இன்றுவரை வரவில்லை. பழைய இடத்தைக் காலி செய்துவிட்டேன். மூடிக் கிடந்த செல்போன் கடை ஜமாஅத்துக்குச் சொந்தமானது, அதில் இரண்டு மெஷினையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். செல்வியின் தம்பி கோயம்பேட்டுக்கு ஷேர் வேன் ஓட்டுகிறான். புது சீட் போட வசதியில்லாத வண்டிக்காரர்களின் கிழிந்த ரெக்சினைத் தைத்துத் தர முடியுமா என்று அவன்தான் முதலில் கேட்டான். ஷூ தைத்த மெஷினுக்கு ரெக்சின் பெரிய விஷயமில்லை. ஆட்டோ சீட்டு, பள்ளிக்கூடப் பை, அறுந்த செருப்பு வார், எது வந்தாலும் தைக்கிறோம். இரண்டு மெஷினில் மூன்று பெண்கள் முறை வைத்து உட்காருகிறார்கள். மற்ற நால்வரைக் கூப்பிட முடியவில்லை. ஒருத்தி சொந்த ஊருக்கே திரும்பிவிட்டாள். அவர்களை நினைத்தால் இன்றும் சோறு இறங்குவதில்லை. ஆனால் ஊரைவிட்டு ஓடவில்லை. காலையில் கண் விழித்ததும் அல்ஹம்துலில்லாஹ் என்று என்னால் மனதாரச் சொல்ல முடிகிறது.

சகோதரர்களே, அம்பத்தூரிலோ ஆவடியிலோ எங்கள் பூந்தமல்லியிலோ, ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே தனியாக உட்கார்ந்திருப்பவர் யாராவது இதைப் படித்தால், அவருக்கு ஒன்று சொல்வேன். அல்லாஹ்விடம் கேளுங்கள். ஆனால் இப்படித்தான் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு வழி சொல்லாதீர்கள். பக்கத்தில் இருக்கிற ஒரு மனிதனிடமாவது வாய் திறந்து சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பதினேழாம் நோன்பு திறக்கும்போது, அந்தக் கஞ்சியைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு நானும் ரஹ்மத்தும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் துஆவை அல்லாஹ் ஏற்கவே இல்லையே, ஊர் பார்க்க வேண்டாம் என்றுதானே கேட்டேன் என்று அவளிடம் புலம்பினேன். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நீங்க கேட்டது எனக்குத் தெரியும். அதனாலதான் பக்கத்துல முஸல்லாப் பாய விரிச்சு உக்காந்து நான் வேற கேட்டேன். இந்த மனுஷன யாராவது ஒருத்தர் எல்லாரு முன்னாடியும் தடுத்து நிறுத்தணும்னு கேட்டேன்."

ஏற்கப்பட்ட துஆ என்னுடையது இல்லை, அவளுடையது. அவளுக்காகத்தான் இதை எழுதினேன்.