படியை விட்டு இறங்காத காசியம்மாள்

காசியம்மாளுக்குச் சண்டை போட்டுப் பழக்கமில்லை. மலையடிவார ஊரிலிருந்து தினமும் சாமந்திச் சரத்தைக் கூடையில் அடுக்கிக்கொண்டு பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விற்கிறவள். முழம் போடும்போது கையை நன்றாக நீட்டித்தான் அளப்பாள். "உன்னைய யாரு வேணா ஏமாத்திருவாங்க" என்று அவள் வீட்டுக்காரர் தீர்த்தகிரி சிரிப்பார்.

ஏமாற்றியது பஸ் கண்டக்டர். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத அரசு பஸ் அந்த ஊருக்குச் சாயங்காலம்தான் வரும். காலையில் அரூர் போகும் தனியார் பஸ்ஸை விட்டால் வழியில்லை. பதினைந்து ரூபாய் டிக்கெட்டுக்கு இருபது ரூபாய்த் தாளை நீட்டினால், கண்டக்டர் தமிழ்ச்செல்வன், "சில்லறை இல்லம்மா, எறங்கறப்ப வாங்கிக்க" என்று நகர்ந்துவிடுவார். இறங்கும்போது அவர் முன்படியில் இருப்பார், இவள் பின்படியில். கூடையை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் விசில் ஊதிவிடுவார். தன்னிடம் இருக்கும் சில்லறையையே கொடுக்கலாம் என்றால், பூ வாங்குகிறவர்களுக்கு மீதி கொடுக்கவே அது போதாது.

ஒருநாள் நூறு ரூபாயை மாற்ற பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த பேக்கரிக்குப் போனாள். தமிழ்ச்செல்வன் பையைக் கவிழ்த்து மேசைமேல் நாணயங்களைக் கொட்டிக்கொண்டிருந்தார். பேக்கரிக்காரி நிர்மலாதேவி எண்ணி முடித்துத் தாள்களைக் கொடுத்தாள், மேலே ஒரு பத்து ரூபாயும் வைத்து.

அவர் போனதும் காசியம்மாள் கேட்டாள். "அந்தப் பத்து எதுக்குங்க?"

"கமிஷன்க்கா. நூறு ரூவா சில்லறைக்குப் பத்து ரூவா. சில்லறைக்கு நாங்க எங்க போறது?"

தன்னிடம் இல்லை என்று பிடித்துவைத்த காசை இங்கே விற்கவும் செய்கிறார். அன்று முழுக்க காசியம்மாளுக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டில் இறங்க வேண்டியவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். காசியம்மாள் முன்படிக்கு வந்தாள். கூடையைக் கீழ்ப்படியில் வைத்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"எறங்கும்மா, டைம் ஆவுது."

"மீதி அஞ்சு ரூவா குடுங்க, எறங்கறேன்."

"அஞ்சு ரூவாய்க்கு ஒரு பஸ்ஸ நிறுத்துவியா?"

"உங்களுக்கு அது சின்னக் காசுதானுங்களே. குடுத்துருங்க."

"சில்லறை இல்லன்னு சொன்னேனா இல்லியா?"

"நேத்து பேக்கரியில அத்தனை கொட்டுனீங்களே. அதுல ஒண்ணு குடுத்தாப் போதும்."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காசியம்மாள் கம்பியை விடவில்லை.

அரூர் காலேஜுக்குப் போகும் பூவிழி எழுந்தாள். "எனக்கும் மீதி வரணும்ண்ணா." பின்சீட்டில் ஒருவர், "எனக்கு நேத்தைய பாக்கியும் இருக்கு" என்றார். இறங்கிப் போனவர்களில் நாலைந்து பேர் திரும்பி வந்து படியைச் சுற்றி நின்றார்கள். அதற்குள் பின்னால் வந்த போட்டி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போனது. வழியில் நிற்கும் கூட்டமெல்லாம் இனி அதற்குத்தான்.

டிரைவர் மாதப்பன் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினார். "ஏப்பா, உன்னால கலெக்சனே போச்சு. குடுத்துத் தொலை."

தமிழ்ச்செல்வன் பையைத் திறந்தார். கை நிறைய நாணயம் வந்தது. முதல் ஐந்து ரூபாயைக் காசியம்மாளிடம் நீட்டியபோது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் வாங்கினாள், ஆனால் இறங்கவில்லை. பூவிழிக்கும், பின்சீட்டுக்காரருக்கும், படியைச் சுற்றி நின்றவர்களுக்கும் கொடுத்து முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றாள். பிறகுதான் கூடையைத் தூக்கினாள். யாரோ கை தட்டினார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த நாளிலிருந்து தமிழ்ச்செல்வன் மீதியைக் கையில் வைத்துவிட்டுத்தான் டிக்கெட் கிழித்தார். கேட்காதவர்களுக்கும் கொடுத்தார்.

பத்து நாள் கழித்து, பொம்மிடி பஸ்ஸில் வரும் இரண்டு பெண்கள் பூ வாங்க வந்தார்கள். ஆளுக்கு இரண்டு முழம் வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"எங்க பஸ்ஸுலயும் ஒரு நாளு வாங்கக்கா" என்றாள் ஒருத்தி. "டிக்கெட்டு நாங்க எடுத்துக்கறோம்."