பின்சீட்டுக்குக் கீழே ஒரு மூச்சு

எங்கள் காரில் யாரோ இருப்பதை முதலில் கண்டுபிடித்தவன் என் தம்பி. அவனுக்கு அப்போது ஐந்து வயது, எனக்குப் பத்து. பின்சீட்டில் குப்புறப் படுத்துக் காதை மெத்தையில் வைத்தவன், கீழே யாரோ மூச்சு விடுகிறார்கள் என்றான். நானும் காதை வைத்தேன். உண்மைதான். மாடிப்படி ஏறி வந்த வயதானவர் மூச்சு வாங்குவதைப் போல, புஸ் புஸ் என்று கேட்டது. அப்பா வண்டியை விரட்டினால் அதுவும் சேர்ந்து இரைத்தது.

அப்பா பள்ளத்தூரில் ஆசிரியர். அவர் வாழ்க்கையில் செய்துகொண்ட ஒரே ஆடம்பரம் அந்த வெள்ளைக் கார். கொத்தமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டின் கொட்டகையில் நாலைந்து வருடம் தூசி படிந்து கிடந்ததை வாங்கினார். சொந்தக்காரர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். சாவியைக் கொடுத்த காவல்காரர் வண்டியின் பெருமையாக ஒன்றைச் சொன்னார். ஒரு மழை நாளில் கல்யாணத்துக்குக் கிளம்பிய ஐயா, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மனைவியான ஆச்சிக்காகக் காத்திருந்தாராம். வண்டி இன்ஜின் ஓடியபடியே நின்றதாம். ஆச்சி நகையெல்லாம் பூட்டிக்கொண்டு வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

“நல்ல சாவு சார். தூங்குற மாதிரியே இருந்தாக,” என்றார்.

இதை வீட்டில் சொல்லாதே என்று அப்பா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

ஞாயிறுதோறும் காரைக்குடிக்குப் பூசைக்குப் போவோம். பஸ்ஸில் போன காலத்தில் அம்மாவால் வாய்விட்டுச் செபமாலை சொல்ல முடிந்ததில்லை. சொந்தக் கார் வந்ததில் அவளுக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். ஊர் எல்லை தாண்டியதும் நான்கு கண்ணாடிகளையும் ஏற்றச் சொல்வாள். லாரிச் சத்தத்திலும் காற்றிலும் செபம் சிதறிப்போகக் கூடாதாம். முன்சீட்டில் அவள் ஆரம்பிப்பாள், பின்னால் நாங்கள் முடிக்க வேண்டும்.

செபமாலையின் ஐந்து பத்துகளில் மூன்றாவதற்கு வரும்போது எங்கள் நாக்குக் குழறும். எனக்குத் தலை விண்விண் என்று தெறிக்கும், மூன்று வயதிலிருந்து சொன்ன மந்திரம் பாதியில் மறந்துபோகும். தம்பி வாந்தி எடுப்பான், இல்லையென்றால் தூங்கிவிடுவான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும்கூடத் தலை வலித்தது. பூசைக்கு வெறும் வயிற்றோடு போவதால் வருகிறது என்று அப்பா சொல்லிவந்தார். உள்ளே லேசாகப் புகை வாசம் அடிக்கும். அது காருக்கே உரிய வாசம் என்று நானும் தம்பியும் அதை ஆசையாக முகர்ந்தோம்.

கண்ணாடியை இறக்கிவிட்டுக் கடைக்குப் போகும் நாட்களில் ஒன்றுமே ஆவதில்லை. அம்மா கணக்குப் போட்டாள். செபம் சொன்னால் வருகிறது, சொல்லாவிட்டால் வருவதில்லை. அப்படியென்றால் செபத்தைத் தாங்க முடியாத யாரோ ஒருவர் உள்ளே இருக்கிறார். காவல்காரர் கதை வேறு அவளிடம் கையிருப்பில் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து செபத்தின் சத்தம் கூடியது. கண்ணாடி சரியாக மூடாத ஓர் இடுக்கில் துணியையும் திணித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி என் மடியில் தலை வைத்துத் தூங்கினான். தொந்தரவு இல்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. கோயில் வாசலில் எழுப்பினேன். கன்னத்தில் தட்டினேன், கிள்ளினேன். கையைத் தூக்கி விட்டால் அது பாட்டுக்கு விழுந்தது. என் தம்பி செத்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிப் படியில் கிடத்தினார். சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். கொஞ்ச நேரத்தில் குமட்டிக்கொண்டு கண்ணைத் திறந்தான். தீர்த்தத்தின் மகிமை என்று கூட்டத்தில் சொன்னார்கள். சாமியார் மட்டும் முதலில் டாக்டரிடம் காட்டச் சொன்னார். அவனோ இட்லி கேட்டான்.

அம்மா உறுதியாகிவிட்டாள். வருகிற சனிக்கிழமை கொட்டகைக்குள் காரை நிறுத்தி, கதவும் கண்ணாடியும் மூடி, நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்து செபமாலை முழுவதையும் சொல்ல வேண்டும். இன்ஜின் ஓடினால்தான் அந்த மூச்சு வரும் என்பதால், செபம் முடிகிறவரை இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பக்தி விஷயத்தில் அம்மாவை எதிர்த்துப் பேசாத அப்பா சரி என்றார்.

வெள்ளிக்கிழமை வண்டியைக் காரைக்குடி செக்காலையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று சத்தம் வருகிறது, அதைப் பார்த்தால் போதும் என்பது அவர் எண்ணம். அம்மா எங்களையும் இழுத்துக்கொண்டு கூடவே வந்து, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. கையைத் துடைத்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“செபம் சொல்றப்ப கண்ணாடிய ஏத்திக்கிருவீகளாக்கா?”

ஆமாம் என்றாள் அம்மா.

அவர் சைலன்சர் வாயில் ஈரத்துணியை வைத்து ஒரு பையனை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். பின்சீட்டைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். சாமி படத்தின் முன் புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை எடுத்து வந்து, இன்ஜின் ஓட ஓட, தரை விரிப்பை விலக்கி அங்குலம் அங்குலமாகக் காட்டினார். நேராக ஏறிக்கொண்டிருந்த புகை ஓரிடத்தில் சடாரென்று ஒதுங்கி நடுங்கியது. யாரோ ஊதியதுபோல. தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“மூச்சு இங்குட்டுத்தான் வருது,” என்றார். துருப்பிடித்த தரையில் காசு அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்கு நேர் கீழே சைலன்சர் குழாய் வெடித்திருந்தது. கண்ணாடியை மூடினால் இந்தப் புகை முதலில் தூங்க வைக்கும், அப்புறம் எழுந்திருக்க விடாது என்றார்.

எவ்வளவு நாளாக இருக்கும் என்று அப்பா கேட்டார்.

“துருவப் பாத்தா இன்னைக்கு நேத்து விழுந்ததில்ல சார். நீங்க வாங்குறதுக்கு முந்தியே இருந்திருக்கு.”

அப்பா சுவரில் சாய்ந்திருந்த பின்சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மெக்கானிக் முன்னால் பேய்க்கதை சொல்லி மானம் போய்விட்டதே என்று வருந்துகிறார்கள் என நினைத்தேன்.

குழாய் மாற்றி, ஓட்டையை அடைத்த பிறகு மூச்சு நின்றது. கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் கத்திக் கத்திச் செபம் சொன்னோம். ஆனால் ஐந்து பத்துகள் முடிந்ததும் அம்மா ஆறாவதாக ஒன்றைச் சேர்த்தாள். அது கொத்தமங்கலத்து ஐயாவுக்காம். எனக்கு எரிச்சலாக வந்தது. பேயே இல்லை என்று ஆகிவிட்டதே, அப்புறம் எதற்கு இன்னொரு பத்து என்று கேட்டேன்.

“ஒன் தம்பி படுத்துக்கெடந்த எடத்துலதான் அவுகளும் இருந்தாக. சொல்லு,” என்றாள்.

புரியவில்லை. சொன்னேன். ஒவ்வொரு மந்திரத்துக்கும் நடுவே அம்மா முன்சீட்டிலிருந்து கையைப் பின்னால் நீட்டி, நன்றாக முழித்துக்கொண்டிருந்த தம்பியின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதுவும் எனக்குப் புரியவில்லை.