சும்மா கிடைத்த சைக்கிள்

உலகச் சண்டை முடிந்து நாங்கள் ஊர் திரும்பிப் பதினாறு, பதினேழு வருஷம் ஆகியிருக்கும். முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்றுக்கு அப்பால் காடு வெட்டித் திறந்த குடியேற்றத் திட்டம் ஒன்றில் எனக்கு வயற்காணி கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து பெண்சாதி பிள்ளைகளோடு வந்து குடியேறி, மூன்று போகம் விதைத்தும் விட்டேன். அந்த வருஷத்து வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலன்று காலையில் நடந்த சங்கதி இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வெள்ளைக்காரன் படையில் சமையற்காரன். எகிப்துப் பாலைவனத்தில் நாலு வருஷம் கிடாரம் கிளறியவன். துவக்கைக் கையில் பிடித்தது பயிற்சிக் காலத்தில் மட்டும்தான், அதையும் ஒருநாள் மணலில் மறந்து வைத்துவிட்டு வந்து ஏச்சு வாங்கினேன். ஆனால் வாய் இருக்கிறதே, அதற்குக் குறைவில்லை. ஒட்டகம் எங்கள் மாவு மூட்டையைத் தின்ற கதை, கப்டன் மணல் விழுந்த சூப்பைக் குடித்துவிட்டு மிளகு நன்றாயிருக்கிறது என்ற கதை என்று, கூட்டுறவுக் கடை வாசலில் நான் நின்றால் சனம் அரிசி வாங்க மறந்து நிற்கும்.

என் காணிக்குப் பக்கத்துக் காணிக்காரரும் படைக்குப் போனவர்தான். என்னிலும் நாலு வயது இளையவர், இத்தாலியில் படை லொறி ஓட்டியவர். யாருடைய பேரையும் இங்கே போடுவதாக இல்லை, ஆகவே அவரை லொறித்தம்பி என்றே சொல்கிறேன். நல்ல உழைப்பாளி. ஆனால் அதிகம் கதைக்க மாட்டார். நித்திரை இல்லாத கண். வாய்க்காலில் நிற்கும்போது தூரத்தில் எவனாவது மரத்துக்கு வெடி வைத்தால், மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குந்திவிடுவார். பிறகு எழும்பி, யாரும் பார்த்தார்களோ என்று திரும்பிப் பார்ப்பார்.

எப்போதாவது அவர் தொடங்குவார். "அண்ணை, அங்கை ஒரு பாலத்தடியிலை ஒருக்கா..." என்பார். நான் விடமாட்டேன். "அந்தச் சனியனை விடு தம்பி, எங்கடை ஒட்டகத்தின்ரை கதையைக் கேள்" என்று என் கதையை அவிழ்த்துவிடுவேன். அவரும் சிரிப்பார். மனிதனைச் சிரிக்க வைத்துவிட்டோம், அதுதான் மருந்து என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மடைத்தனத்துக்கு இது ஒன்றே போதும், ஆனால் இன்னும் இருக்கிறது.

பொங்கலுக்கு மூன்று நாள் முந்தி அவர் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பச்சை நிறம், டைனமோ லைட், தட்டினால் கோயில் மணிபோலக் கேட்கும் மணி. எங்கள் திட்டத்திலேயே அப்படி ஒன்று இல்லை. நான் அதன்மேல் கண் வைத்திருந்தது எனக்கும் தெரியும், என் பெண்சாதிக்கும் தெரியும்.

"அண்ணை, இதை நீங்கள் வைச்சிருங்கோ. எனக்கு இனித் தேவைப்படாது" என்றார்.

ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. கேட்டது என்ன தெரியுமா? "காத்தடிக்கிற பம்பும் இருக்கோ தம்பி?" என்று கேட்டேன். பாவம், அந்த மனிதன் திரும்ப வீட்டுக்கு நடந்து போய்ப் பம்பையும் கொண்டுவந்து தந்தார். இதை எழுதும்போதும் எனக்கு என் கன்னத்தில் நானே ஒன்று போட வேண்டும் போலிருக்கிறது.

பொங்கலன்று வற்றாப்பளையில் எங்கள் திட்டத்து ஆட்கள் ஒரு மோர்ப் பந்தல் போட்டிருந்தோம். சமையற்காரன் என்றபடியால் மோர்க்கிடாரம் என் பொறுப்பு. விடிந்து கொஞ்ச நேரத்திலேயே வெயில் ஏறிவிட்டது. பானை சுமந்து வருகிற பெண்களும், காவடிக்காரரும், தோளில் பிள்ளைகளோடு வருகிற தகப்பன்மாருமாக எள் போட்டால் எள் விழாத சனம். சைக்கிளைப் பந்தற்காலோடு சாத்தி, எல்லாரும் பார்க்கும்படி வைத்திருந்தேன்.

அப்போது என் கூட்டாளி ஒருவன் வந்தான். முல்லைத்தீவுக் கடற்கரை ஆள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரன், ஆனால் வருஷம் தவறாமல் அம்மாளாச்சியின் பொங்கலுக்கு வந்து என் மோரைக் குடித்துக் குறை சொல்லாமல் போக மாட்டான். அவனும் சண்டைக்குப் போனவன். முன்னணிக்குப் பக்கத்தில் காயக்காரரைத் தூக்கிய படையில் இருந்தவன். அவனைக் கடல்மச்சான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளில் எங்கள் பக்கம் மீன் கொண்டு வருவதால் லொறித்தம்பியையும் அவனுக்குத் தெரியும்.

நான் சைக்கிளைக் காட்டிப் புழுகினேன். சும்மா தந்தவன் என்றேன். பம்போடு தந்தவன் என்றேன்.

கடல்மச்சான் குடித்த மோரைக் கீழே வைத்தான். "வேறை என்னென்ன குடுத்தவன்?" என்று கேட்டான்.

யோசித்தேன். கைமணிக்கூட்டைக் கடை மனேச்சருக்குக் கொடுத்திருந்தார். படையில் தந்த கம்பளிக் கோட்டைக் குளத்துக் காவற்காரருக்கு. பசுவையும் கன்றையும் பின்காணி விதவை மனுசிக்கு. அரிசி மூட்டையைக்கூட யாருக்கோ கொடுத்ததாக என் பெண்சாதி சொன்னாள். சொல்லச் சொல்ல, எவ்வளவு நல்ல மனம் என்று நான் மெச்சிக்கொண்டே போனேன்.

"அவன்ரை பெண்சாதி எங்கை?"

"தமக்கைக்குப் பிள்ளைப்பேறு. பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் போட்டா."

"அவன் பொங்கலுக்கு வந்தவனோ?"

"பிறகு வாறன் எண்டவன்."

கடல்மச்சானின் முகம் வேறாகிவிட்டது. "மச்சான், முன்னணிக்குப் போறதுக்கு முதல்நாள் சில பெடியள் தங்கடை சாமானையெல்லாம் பங்கிட்டுக் குடுத்திடுவாங்கள். திரும்பி வாறேல்லை எண்டு மனசிலை முடிவெடுத்தவன் குடுக்கிற கொடை அது. குசினியிலை நிண்ட உனக்கு அது தெரியாது. ஏறு சைக்கிளிலை."

அவன் மிதிக்க, நான் பின் கரியரில். என் எடையோ கொஞ்சநஞ்சமில்லை. ஐந்து மைல், பாதி மணல் ரோட்டு. எதிரே வந்த சனமெல்லாம் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று பாதி வழியில்தான் எனக்கு விளங்கியது. மோர் ஊற்றுகிற நீட்டுக் காம்பு அகப்பையைக் கையில் பிடித்தபடியே நான் ஏறியிருந்தேன், போர்க்கொடி மாதிரி. எறிந்துவிட்டுப் போகவும் தோன்றவில்லை. அம்மாளாச்சி, அவனை உயிரோடு காட்டு, வருகிற வருஷம் மூன்று கிடாரம் மோர் ஊற்றுகிறேன் என்று அகப்பையைப் பிடித்துக்கொண்டே நேர்ந்தேன்.

லொறித்தம்பி முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். முகம் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். முற்றம் கூட்டி, வீடு மெழுகி, எல்லாம் துப்புரவு. எங்களைக் கண்டு திடுக்கிட்டார். பிறகு என் கையிலிருந்த அகப்பையைப் பார்த்தார். எனக்கு வந்த ஆறுதலில் கண் கலங்கிவிட்டது. உடனே ஒரு பகிடி விட வாய் திறந்தேன். கடல்மச்சான் என் காலை மிதித்தான்.

அவன் தம்பிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தான். சுருட்டைப் பற்றவைக்காமல் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, மீன் விலை கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டான். "தம்பி, சாகிற யோசினை ஏதும் இருக்கோ?"

அம்மாளாச்சியின் நாளில், அதுவும் மனிதனின் முகத்துக்கு நேரே கேட்கிற கேள்வியா இது? அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பும் வந்துவிடாதா என்று நினைத்தேன். அது என் மூன்றாவது மடைத்தனம்.

தம்பி "ஓம்" என்றார். அதைச் சொன்னதும் அவருடைய தோள் இரண்டும் இறங்கின. அரிசி மூட்டையை இறக்கி வைத்த ஆள் மாதிரி இருந்தார்.

"நானும் ஒருக்கா அப்பிடி இருந்தனான்" என்றான் கடல்மச்சான். "சண்டையாலை வந்து இரண்டாம் வருஷம். வலை, வள்ளம் எல்லாத்தையும் என்ரை கூடப்பிறந்த தம்பியிட்டை குடுத்திட்டன். என்னோடை படையிலை இருந்த ஒருத்தன் மன்னாரிலை இருந்து வந்து பதினைஞ்சு நாள் என்னோடை நிண்டவன். ஒரு புத்தியும் சொல்லேல்லை. நான் கதைச்சால் கேட்டவன், கதைக்காட்டி சும்மா இருந்தவன். நீ சொல்லு, நான் இருக்கிறன்."

எனக்கு இருபது வருஷமாக இந்த ஆளைத் தெரியும். இந்தக் கதையை ஒருநாளும் சொன்னதில்லை. நான் எங்கே சொல்ல விட்டேன்?

லொறித்தம்பி அந்தப் பாலத்தடிக் கதையைச் சொன்னார். நான் ஒட்டகத்தால் மறித்த அதே கதை. பக்கத்து இருக்கையில் இருந்த கூட்டாளி போய்ச் சேர, தான் ஒரு கீறலோடு தப்பியதைச் சொன்னார். தான் இல்லாவிட்டால் பெண்சாதி பிள்ளைகள் நிம்மதியாக இருப்பார்கள் என்று தோன்றுவதையும் சொன்னார். கடல்மச்சான் மறுத்து வாதாடவில்லை. "எனக்கும் அப்ப அப்பிடித்தான் தெரிஞ்சது. அது பொய் எண்டது பிறகுதான் விளங்கினது" என்று மட்டும் சொன்னான். நான் ஏதோ சொல்ல உன்னினேன். "நீ போய்ச் சமை" என்று என்னைக் குசினிக்குத் துரத்திவிட்டான்.

குசினியில் சட்டி பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. தேடிப் பார்த்ததில் பானை அடியில் இரண்டு சுண்டு அரிசி. வேலி முருங்கையில் இலை ஆய்ந்து கஞ்சி வைத்தேன். அடுப்பை ஊதுகிற சாட்டில் கொஞ்சம் அழுதும் தீர்த்தேன். மூன்று கோப்பையில் ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

தம்பி ஒரு வாய் குடித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அண்ணை, உப்புப் போடேல்லையோ?"

"உப்பு எங்கையடா கிடக்கு? அதையும் ஆருக்குக் குடுத்தனீ?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "தபால்காரருக்கு" என்றார்.

முதலில் சிரித்தது கடல்மச்சான்தான். பிறகு நான். பிறகு தம்பி, முதலில் வெட்கத்தோடு, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழிய. அது சிரிப்பா அழுகையா என்று நான் விசாரிக்கப் போகவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அந்தக் கஞ்சியை மூன்று பேரும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தோம்.

அன்று முழுக்க நாங்கள் அவரை விட்டு அசையவில்லை. அவர் சம்மதத்தோடு பெண்சாதிக்குத் தந்தி போனது. அவா மறுநாள் பஸ்ஸில் வந்து இறங்கினா. ஒளிக்காமல் சொன்னோம். அவா அவரை ஏசவில்லை, எங்களைத்தான் ஏசினா. மூன்று பேரும் படைக்குப் போன ஆட்கள், இவ்வளவு நாளும் என்னத்தைக் கதைத்தனீங்கள் என்று கேட்டா. முல்லைத்தீவில் டாக்குத்தரிடமும் கூட்டிப் போனோம். அவர் நித்திரைக்கு மருந்து தந்ததோடு, கிழமைக்கு ஒருக்கா வந்து கதைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

கொடுத்த சாமான்களெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. தபால்காரர் பாதி உப்பைத்தான் கொண்டுவந்தார். பசு மட்டும் வரமாட்டேன் என்று நின்றது. விதவை மனுசியின் புண்ணாக்கு அதற்குப் பிடித்துவிட்டது. அதை அங்கேயே விட்டு, கன்றை மட்டும் கொண்டுவந்தோம்.

சைக்கிள் விஷயத்தில் கடல்மச்சான் ஒரு தீர்ப்புச் சொன்னான். படையில் காவல் நிற்கிறவன் அடுத்தவன் வந்து பொறுப்பெடுக்கும்வரை இடத்தை விட்டு அசையக்கூடாது. அதுதான் சட்டம். இந்தச் சைக்கிளும் அப்படித்தான், இரண்டு பேருக்கும் பொது. காலையில் தம்பி அதைக் கொண்டுவந்து என் கையில் தர வேண்டும். பின்னேரம் நான் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்க வேண்டும். வேலியில் சாத்திவிட்டுப் போகக்கூடாது, கைக்குக் கைதான். கொடுக்கும்போது "எல்லாம் சரி" அல்லது "இண்டைக்குச் சரியில்லை" என்று சொல்ல வேண்டும். காவல் மாற்றும்போது பொய் சொன்னால் படையில் என்ன தண்டனை என்று எங்களுக்குத் தெரியும்தானே என்றான்.

தொடக்கத்தில் சரியில்லாத நாட்கள்தான் அதிகம். அப்படியான நாளில் நான் அங்கேயே இருந்துவிடுவேன். பகிடி விடாமல் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பது எனக்குத் துவக்குப் பயிற்சியிலும் கஷ்டமாயிருந்தது. ஆனால் பழகினேன். ஒரு மாரியில் என் கடைக்குட்டி காய்ச்சலில் போனபோது, பின்னேரம் சைக்கிளைக் கொடுத்துவிட்டு "சரியில்லை தம்பி" என்று சொன்னவன் நான். அவர் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருந்தார். அப்போதுதான் அந்தச் சும்மா இருத்தல் எவ்வளவு பெரிய கொடை என்று எனக்கு விளங்கியது.

இப்போது ஏழு வருஷமாகிறது. சைக்கிளின் பச்சை நிறம் போய்விட்டது, டயர் எத்தனை மாற்றினோம் என்று தெரியாது. மாதத்தில் ஒரு ஞாயிறு கடல்மச்சான் கடற்கரையில் வலை வைக்கிற வாடியில், படைக்குப் போன எட்டு ஒன்பது பேர் கூடுகிறோம். சமையல் நான், குறை சொல்வது மற்ற எல்லாரும். இதை எழுதட்டுமா என்று லொறித்தம்பியிடம் இன்று காலை கேட்டேன். "எழுதுங்கோ அண்ணை. பேரைப் போடாதேங்கோ. ஆனால் மணியைத் துலைச்சது நீங்கள்தான் எண்டதையும் எழுதுங்கோ" என்றார். எழுதிவிட்டேன். பிறகு சைக்கிளை என் கையில் தந்து "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு, மகளின் கலியாணத்துக்குப் பந்தல் தடி வெட்டப் போனார்.

இப்போதெல்லாம் யாராவது ஒரு நல்ல சாமானைச் சும்மா தந்தால், நான் சாமானைப் பார்ப்பதில்லை, முதலில் தருகிறவரின் முகத்தைப் பார்க்கிறேன்.